மரைக்குக் கொடுத்த பாண்

வணக்கம் அண்ணா,

நான் விசுவமடுவில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏப்ரல் விடுமுறைக்கு இரண்டு குடும்பமாக வான் பிடித்து மலைநாட்டுக்குப் போனோம். கண்டி, நுவரெலியா, பிறகு பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளி. பிள்ளைகளுக்கு உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பை விடப் பிடித்தது வாகனத் தரிப்பிடத்தில் நின்ற மரைகள்தான். கிட்ட வந்து கையிலிருந்தே பாண் வாங்கித் தின்றன. மகன் கொடுக்கும் படத்தை முகநூலில் போட்டேன். கூடப் படித்த ஒருவர் கோபமாக எழுதிவிட்டார். வாயில்லாச் சீவனுக்கு ஒரு துண்டு பாண் கொடுத்தது அவ்வளவு பெரிய பிழையா? ஓகஸ்டில் கதிர்காமமும் யாலவும் போக எண்ணம். அங்கே மிருகங்களை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லுங்கள்.

வாசகி, விசுவமடு

அன்புள்ள தங்கச்சி,

பிழைதான். ஆனால் மகனைக் கோபிக்க ஒன்றுமில்லை. அவனுக்கு முன்னால் வந்த எத்தனையோ வான்களில் இருந்து அந்த மரைக்குப் பாண் கிடைத்திருக்கிறது. அதனால்தான் அது தேடிக் கிட்ட வந்தது. சுற்றிவரப் புல்வெளி கிடக்கிறது, பசியில் வந்திருக்காது.

உங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அரிவு வெட்டு நாளில் நெல் மூட்டையில் வாய் வைத்த மாடு என்ன பாடுபடும் என்று சொல்வார்கள். வயிறு ஊதி, அசைபோடாமல் படுத்துவிடும். சில வேளை செத்தும் போகும். மரையும் அசைபோடும் சாதிதான். புல்லையும் இலையையும் ஆறுதலாக நொதிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அதற்கு. பாணும் பிஸ்கட்டும் உள்ளே போனால் மளமளவென்று புளித்து அமிலம் ஏறிவிடும். ஒரு துண்டால் ஒன்றும் நடக்காது, சரி. ஆனால் நாள் முழுக்க வான் வருகிறதே.

அந்தத் தரிப்பிடத்தில் ஒரு கொம்பன் மரையை நானும் பார்த்திருக்கிறேன். யாரோ எறிந்த கச்சான் பைக்கற்றை நாக்கால் புரட்டிப் புரட்டி, உள்ளே ஒட்டியிருந்த உப்பை நக்கிக்கொண்டு நின்றது. பிறகு பைக்கற்றையே வாய்க்குள் இழுத்துக்கொண்டது. வயிற்றுக்குள் போன பொலித்தீன் செரிக்காது, தங்கிவிடும். நடைபாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறக்கச் சொல்லிப் பொலித்தீனை வாங்கி வைக்கிறார்களே, சும்மா கெடுபிடி இல்லை அது. தரிப்பிடத்திலும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் எண்ணம்.

தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய கட்டடம் இப்போது பார்வையாளர் நிலையம், வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டை விடுதி. பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் 1848 முதல் நுவரெலியாவில் சில வருடம் குடியிருந்தவர். வேட்டை நாய்களை ஏவி, மரையை மடக்கி, கத்தியால் குத்திக் கொன்றவர். 1988-இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. மனிதவாடைக்கே ஓடிய மிருகம் இப்போது அதே வாடையைத் தேடி வருகிறது.

பயம் போனது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வன்னி மரையை நினைத்துப் பாருங்கள். மரை இறைச்சி வத்தல் தெரியாத வீடு இங்கே ஒரு காலத்தில் குறைவு. இன்றைக்கும் காற்று நம் பக்கமிருந்து அடித்தால் போதும், காலால் நிலத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு காட்டைப் பிளந்து ஓடும். அந்த ஓட்டம்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. மலையில் பாண் தின்று பழகிய மரை எல்லை தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கினால் என்ன ஆகும்? பாணோடு நிற்பவன் யார், சுருக்குக் கம்பியோடு நிற்பவன் யார் என்று அதற்குத் தெரியாது. இதுதான் எனக்குப் பெரிய கவலை, வயிற்று வலியை விட.

படத்தை முகநூலில் இருந்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்து அடுத்த வானும் பாண் வாங்கிக்கொண்டு போகும்.

கதிர்காமத்துக்குப் புத்தல வழியாகப் போவதாக இருந்தால் இன்னும் கவனம். பக்தர்கள் ஆசையோடு எறிந்த பழத்தில் பழகி, அந்த வீதி யானைகள் வாகனத்தை மறிக்கக் கற்றுக்கொண்டன. கண்ணாடி திறந்திருந்தால் தும்பிக்கை உள்ளே வரும். கொடுக்காவிட்டால் வாகனத்தை நொறுக்கவும் செய்யும். அப்புறம் குற்றம் யானை மேல்தான் விழும். கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், பழத்தைப் பையின் அடியில் வையுங்கள், யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி அது விலகும் வரை பொறுங்கள்.

யாலவில் ஓகஸ்ட் நல்ல காலம். வரட்சியில் மிருகம் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். ஜீப் பேசும்போதே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்: சிறுத்தை நிற்கிறது என்று தொலைபேசியில் யாரும் சொன்னால் ஓட வேண்டாம், ஒரு நீர்நிலையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் இருப்போம். மந்தியும் மானும் திடீரென்று கத்தினால் அந்தத் திசையைப் பாருங்கள். சிறுத்தையை அவை நமக்கு முன்னமே கண்டிருக்கும்.

அரை மணித்தியாலம் சும்மா இருப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான், முதலே பழக்க வேண்டும். அதற்கு மலைக்கோ யாலவுக்கோ போகத் தேவையில்லை. ஆடி மாதத்தில் தண்ணீர் இறங்கிய ஏதாவது ஒரு குளத்து அலைகரைக்கு, ஊரில் இடம் தெரிந்த ஒருவரோடு காலையில் கூட்டிப்போங்கள். பழகிய பாதையை விட்டு இறங்க வேண்டாம். சேற்றில் இரவு வந்தவற்றின் அடிகள் கிடக்கும். மான் அடி சிறிசு. மரை அடி அதே அமைப்பு, ஆனால் நல்ல பெரிசு. பன்றி அடியில் பின்பக்கம் இரண்டு சின்னப் பொட்டுக்களும் பதிந்திருக்கும். யானை அடியை யாரும் காட்டித் தர வேண்டியதில்லை. அது புதிதாக ஈரத்தோடு கிடந்தால் உடனே திரும்பிவிடுங்கள்.