காசு ஏன் 214 கோடியில் நின்றது?

கேள்வி: என் பையன் போனில் விளையாடும் கேமில் காசு 2147483647 வரை ஏறி அப்படியே நின்றுவிட்டது, அதற்கு மேல் ஒன்றுகூட ஏறமாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், அது பகா எண், அதனால்தான் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்கிறார். நிஜமா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: பாதி நிஜம். பகா எண்தான், ஆனால் காசு நின்றது அதனால் இல்லை.

2-ன் 31-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்தால் இந்த எண். கேமை எழுதியவர் காசுக்கு 32 பிட் இடம் (பிட் என்றால் 0 அல்லது 1 மட்டும் போடக்கூடிய ஒரு கட்டம்) ஒதுக்கியிருப்பார், அதில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கே போய்விடும், மீதி 31-லும் 1 போட்டு நிரப்பினால் வருவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அப்புறம் இடம் இல்லை, அவ்வளவுதான். 16 பிட்டில் இதே உச்சம் 32767, அது 7 × 31 × 151 என்று உடைந்துவிடும். 64 பிட் உச்சமும் 7-ஆல் வகுபடும். கம்ப்யூட்டருக்குப் பகா எண் மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது! பையனைக் கொஞ்சம் செலவு செய்யச் சொல்லுங்கள், மறுபடி ஏறும்.

கேள்வி: சரி, இவ்வளவு பெரிய எண் பகா எண் என்று கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (அதே வாசகி)

பதில்: இது நல்ல கேள்வி. சாதாரணமாக என்றால் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தல். 1772-ல் கணித மேதை ஆய்லர் இதைக் குறைத்தார் (அப்போது அவருக்குப் பார்வை அநேகமாகப் போயிருந்தது). இந்த எண்ணை ஏதாவது ஒன்று வகுக்குமானால், அந்த வகுக்கும் எண்ணை 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63-தான் வர முடியும் என்று காட்டினார். 46340-க்குள் அப்படிப்பட்டவை நானூறுகூடத் தேறாது. எதுவும் வகுக்கவில்லை.

2-ன் அடுக்கில் ஒன்று குறைந்த இந்த மாதிரிப் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள், இது எட்டாவது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், 29 பகா எண்தான், ஆனால் 2-ன் 29-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்தால் 233-ஆல் வகுபடுகிறது. இங்கே 31-ம் ஒரு மெர்சென் எண் என்பதால் இதற்கு இரட்டை மெர்சென் என்ற பட்டமும் உண்டு. இரட்டைப் பகா எண் (இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வரும் பகா எண்கள்) வேறு, அதில் இது சேராது: இரண்டு குறைத்தால் 5 வகுக்கும், இரண்டு கூட்டினால் 3 வகுக்கும்.

இதை 2-ன் 30-ஆவது அடுக்கால் பெருக்கினால் ஒரு நிறைவெண், அதாவது 6 = 1 + 2 + 3 மாதிரி தன்னைவிடச் சிறிய வகுஎண்களின் கூட்டுத்தொகையே தானாக இருக்கும் எண். 19 இலக்கம். நிறைவெண்களால் உபயோகம் இல்லை, அதனால் இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-ல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ எழுதிவைத்தார். 1876-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, 2-ன் 127-ஆவது அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணும் பகா எண்தான் என்று காட்ட, அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் வந்துவிட்டது.