ஹோம் கேர் ஏஜென்சியில் ட்யூட்டி போடும் வேலைக்குச் சேரலாமா?

"புதுச்சேரியில் ஒரு ஹோம் கேர் ஏஜென்சியில் ட்யூட்டி போடும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்து போன் பேசுகிற வேலைதானே, சேரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டிகிரி முடித்துவிட்டு, அலையாத வேலையாகத் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்.

படுத்த படுக்கையாய் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் அனுப்புகிற இடம் அது. யாரை, எந்த வீட்டுக்கு, எந்த நேரத்துக்கு அனுப்புவது என்று ஏற்பாடு செய்வதுதான் ட்யூட்டி போடுவது. பேப்பரில் சுலபம்தான். காலை எட்டிலிருந்து இரவு எட்டு, இரவு எட்டிலிருந்து காலை எட்டு, இல்லையென்றால் வீட்டோடு தங்குவது. மூக்கு ட்யூப் இருந்தால் நர்சிங் படித்தவர். குளிப்பாட்ட, டயபர் மாற்ற அட்டெண்டர். ஆனால் வீட்டுக்காரர்கள் கேட்பது வேறு. "அப்பா நல்ல கனம், தூக்கத் தெம்பு இருக்கிறவங்களா அனுப்புங்க" என்பது நியாயம். "நம்ம ஆளுங்கதானே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், அதற்கு "அனுபவம் உள்ளவங்க சார்" என்று மட்டும் சொல்வேன். "அப்படியே நாலு பாத்திரமும் தேய்ச்சிடட்டுமே" என்றால், முடியாது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. மறுநாள் கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஜனங்களை மீட்டது. லாஸ்பேட்டையில் எங்கள் பேஷன்ட் ஒருவர், பக்கவாதம். ட்யூபில்தான் சாப்பாடு. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகல் ட்யூட்டிக்கு வரவேண்டியவர் பாகூர் பக்கம். அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். காலை எட்டு மணிக்குப் பிரான்சிலிருந்து மகன் போன் செய்கிறார், அங்கே விடிகாலை மூன்றரை. "பணம் கட்டியிருக்கேன், ஆள் எங்கே?"

இரவு ட்யூட்டி அக்காவையே இருக்கச் சொன்னேன். டபுள் சம்பளம் என்று நானாகவே சொல்லிவிட்டேன், அப்புறம் முதலாளியிடம் அதற்குத் தனியாகச் சண்டை. அந்த அக்கா சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அரியாங்குப்பத்துல பசங்க தனியா இருக்கு, சாப்பிட்டுச்சான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்றார். அதே தெருவில் இருக்கும் இன்னொரு அட்டெண்டரைப் பிடித்துப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

பேஷன்ட் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, சம்பளத் தகராறில் எங்களை விட்டுப் போன ஒருவர் இருந்தார். கூப்பிட்டேன். முதலாளிக்குச் சேரவேண்டிய திட்டையெல்லாம் எனக்குக் கொடுத்தார். மதியத்துக்கு மேல் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய் அந்த அக்காவை மாற்றிவிட்டார். அன்று ராத்திரியே ஒரு நோட்டுப் போட்டேன்: யார் எந்த ஊர், எந்த பஸ், எந்தெந்த வீட்டுக்கு நடந்தே போகலாம். இரண்டே நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் பக்கம் முங்கியபோது அந்த நோட்டுதான் கை கொடுத்தது.

"ஏஜென்சிக்காரங்க பாதியை எடுத்துக்கிறாங்க, நீ என்ன நியாயம் பேசுற?" என்று யாராவது வருவீர்கள். எடுக்கிற இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான் அங்கே சம்பளக்காரி, பங்குதாரர் இல்லை. அதே சமயம், நாங்கள் அனுப்பிய ஆளிடமே ரகசியமாக நம்பர் வாங்கி, "நேரா எங்ககிட்ட வந்துடு" என்கிற குடும்பங்களையும் கொஞ்சம் கேளுங்கள். மறு மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கேட்டு எனக்குத்தானே போன் வருகிறது!

இன்னொன்று. சனி, ஞாயிறு வந்தால் இந்த ஊர் ஊர்க்காரர்களுக்கு இல்லை. நோணாங்குப்பம் படகுத்துறை வாசலில் வெளியூர் கார்கள் வரிசை கட்டும், கடலூர் பஸ் நகராது. பஸ்ஸுக்குள்ளே நிற்கும் அட்டெண்டர் லேட், பேஷன்ட் வீட்டில் ராத்திரி முழுக்க விழித்தவர் வீட்டுக்குப் போக முடியாது. செல்ஃபி எடுப்பவர்களுக்கு இது எங்கே தெரியும். சரி, விடுங்கள்.

சேருவதாக இருந்தால் இன்டர்வியூவிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஆபீஸ் போன் யார் கையில் இருக்கும், அவசரத்துக்கு டபுள் ட்யூட்டி பணம் தருவதாகச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டா, தீபாவளி பொங்கலுக்கு உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள். மூன்றாவதற்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், பார்க்கப்போவது நீங்கள்தான்.