மத்திய அரசு வேலையில் சேர்ந்தால் மனைவியின் நகை, அப்பாவின் நிலம் எல்லாவற்றையும் ஆஃபீஸில் காட்ட வேண்டுமா?

கேள்வி கேட்டவர் இன்ஸ்பெக்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். சொத்துப் படிவத்தை நீட்டியதும் "சேர்ந்த அன்றைக்கே திருடன் பட்டமா?" என்று தோன்றியதாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் பல வருஷம் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து, அதே படிவங்களைப் பிறரிடம் கேட்டு வாங்கி ஃபைலில் கோர்த்தவன் நான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்.

நேரடியாகச் சொன்னால், காட்டத்தான் வேண்டும். 1964-ஆம் வருஷத்து மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 18-ஆவது விதி இது. சேரும்போது வீடு, நிலம், பேங்க் இருப்பு, பங்குகள், நகை, கடன் எல்லாவற்றுக்கும் கணக்கு கொடுக்க வேண்டும். அதன்பின் 'ஏ', 'பி' பிரிவினர் (பதவி அடுக்கில் மேல் இரண்டு பிரிவில் இருப்பவர்கள்) வருஷா வருஷம் ஜனவரி 31-க்குள் அசையாச் சொத்து விவரத்தை மட்டும் தரவேண்டும். ஆஃபீஸில் இதற்கு 'ஐ.பி.ஆர்.' என்று பெயர்.

அப்பா நிலம் விஷயத்தில் பலருக்கும் குழப்பம் வரும். அவர் தன் விவசாயத்திலோ பென்ஷனிலோ வாழ்கிறார் என்றால், விதியின் கணக்கில் அவர் உங்கள் 'குடும்பம்' இல்லை. அவர் நிலமும் உங்கள் படிவத்தில் வராது. முழுக்க உங்களை நம்பி இருக்கிறார் என்றால் வரும். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் உங்களுக்குப் பங்கு இருந்தால் அந்தப் பங்கை எழுதுங்கள். எப்படி வந்தது, யார் பெயரில் இருக்கிறது, வருஷ வருமானம் என்ன என்பதற்கெல்லாம் கட்டம் உண்டு. இன்றைய மதிப்பு சரியாகத் தெரியாவிட்டால் தோராயமாகப் போட விதியே இடம் தருகிறது.

அசையும் பொருளுக்கு வரம்பு இரண்டு மாத அடிப்படைச் சம்பளம். உங்கள் அடிப்படை 44,900 என்றால் 89,800 ரூபாய். அதைத் தாண்டி ஒரு பொருள் வாங்கினாலோ விற்றாலோ ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டரே அதைத் தாண்டிவிடுகிறது. பங்கு, மியூச்சுவல் ஃபண்டு ஆசை உள்ள இளைஞர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தப் பரிவர்த்தனை ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் அதற்குத் தனிப் படிவம். வாங்குவது, விற்பது இரண்டும் கூட்டல் என்பதால், தினமும் வாங்கி விற்பவருக்கு லாபமே இல்லாவிட்டாலும் வரம்பு தாண்டிவிடும்.

(அசையும் சொத்துப் பட்டியலில் குதிரையும், ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த பழைய ரேடியோகிராமும் இருக்கின்றன. குதிரை வாங்கியதாக யாரும் என்னிடம் எழுதிக் கொடுத்ததில்லை.)

வீடு, மனை என்றால் வாங்குவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும். விற்பவர் உங்கள் அலுவலக வேலையோடு சம்பந்தப்பட்டவர் என்றால், தெரிவித்தால் மட்டும் போதாது. முன் அனுமதியே வேண்டும். அட்வான்ஸ் கொடுத்து, பத்திரம் முடித்து, கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வந்து "சார், இதுக்கு என்ன ஃபாரம்?" என்று கேட்டவர்கள் ஏராளம். அநேகமாக ஒரு மெமோ, ஒரு விளக்கம், சில சமயம் ஒரு கண்டனத்தோடு முடியும். ஆனால் சர்வீஸ் புக்கில் ஏறிய கண்டனம் பதவி உயர்வு நேரத்தில் தலைகாட்டும்.

மனைவி நகைக்கு வருகிறேன். இதில் நானே அடிபட்டவன். சேரும்போது படிவத்தில் நகை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அது உண்மைதான். பிறகு மனைவி 22 பவுனோடு வந்தாள். அது சீதனம். மனைவி தன் சொந்தப் பணத்தில், சீதனத்தில் செய்கிற வரவு செலவை நாம் ஒவ்வொன்றாகத் தெரிவிக்கத் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சும்மா இருந்தேன். 1996-இல் வீடு கட்டினோம். அலுவலக வீட்டுக் கடன், ஜி.பி.எஃப். (சேமநல நிதி) பணம், மேல்பூச்சுக்கு அந்த நகையை விற்ற பணம். வீடு முடிந்த மூன்றாம் மாதம், இவருக்கு வீடு கட்டப் பணம் ஏது என்று ஆஃபீஸுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. (அந்த மாதிரிக் கடிதங்களில் நடவடிக்கை வேண்டாம், ஃபைலில் போட்டுவிடுங்கள் என்று மத்திய விஜிலன்ஸ் ஆணையம் சொன்னது 1999-இல்தான்.)

கடனுக்கும் ஜி.பி.எஃப்-க்கும் ஆஃபீஸிலேயே காகிதம் இருந்தது. ஒரே நாளில் தீர்ந்தது. நகைக்கு மட்டும் ஒன்றுமில்லை. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். விசாரித்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "போட்டோல எத்தனை பவுன்னு எப்படிங்க எண்றது?" என்றார். கடைசியில் நகையை வாங்கிக்கொண்ட கடைக்காரர் பழைய பேரேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் மனைவி என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவள் நகைக்கு அவளையே சாட்சி கேட்டார்கள் என்ற கோபம்.

ஆகவே என் யோசனை: விதி எதை விட்டுவிடச் சொல்கிறதோ அதையும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கல்யாணம் ஆனதும் இத்தனை பவுன் சீதனம், மாமனார் கொடுத்தது, இன்ன தேதி என்று ஒரு கடிதம் போதும். வருமானத்துக்கு மீறிய சொத்து என்று 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தால், வந்த வழியைக் காட்ட வேண்டிய பொறுப்பு நம் தலையில்தான் விழும். பத்து வருஷத்துக்கு முன் நாமே கொடுத்த கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு, வழக்கு வந்தபின் தேடிப்பிடிக்கும் ரசீதுக்கு இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆர்.டி.ஐ. போட்டு இதையெல்லாம் பார்ப்பாரோ என்று பயப்படுகிறீர்கள். பொதுநலன் இருந்தாலொழிய இது தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்து விவரம் இணையத்திலேயே கிடைப்பது வேறு விஷயம்.

கொடுக்கும் எந்தக் காகிதத்துக்கும் இன்வர்ட் நம்பரோடு (ஆஃபீஸில் பெற்றுக்கொண்டதாகப் போடும் பதிவு எண்) ஒரு நகல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபீஸ் இடம் மாறும்போது முதலில் காணாமல் போவது பர்சனல் ஃபைல்தான். அப்படித் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.