குடியை நிறுத்த ஏ.ஏ. குழு: குமரி மாவட்டத்தார் கேட்டவையும் என் பதில்களும்

நான் டாக்டர் இல்லை. குடியை விட்டவன், ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவில் இருக்கிறவன். பேர் கேட்காதீங்க, எங்களுக்குள் அது வழக்கமில்லை.

நாகர்கோவில் பக்கம் கூட்டம் எங்கே நடக்கிறது அண்ணாச்சி? கட்டணம் எவ்வளவு?

இடமும் நேரமும் மாறும் என்பதால் இங்கே எழுதிப் போட மாட்டேன். பழைய முகவரியை நம்பிப் போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டு நேரே கடைக்குத் திரும்பியவர்கள் உண்டு. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் தேடுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்பது குடி, போதையிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கான இலவச எண். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி நல்லதா?

வேண்டாம். அதில் டைசல்ஃபிராம் என்கிற குடி நிறுத்தும் மருந்து இருந்து, தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை டாக்டர் கொடுப்பார், ஆளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்.

தூத்தூர் பக்கம், ஆழ்கடல் தொழில். கரைக்கு வந்தால் தினமும் குடி. அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது பாட்டில் எடுக்காமல் போய் அப்படியே விட்டுவிடலாமா?

தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்யாதே. தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு திடீரென்று நின்றால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத ஆள் தெரியும், யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்கும், காய்ச்சலும் குழப்பமுமாக வரும். இது மருத்துவமனையிலேயே ஆபத்து, நடுக்கடலில் கூட நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? வலிப்பு வந்தவனைப் பத்திரமாகப் படுக்க வைக்கவும் படகில் இடம் கிடையாது, திரும்பி வரவும் நாளாகும். அதனால் ஒரு தடவை தொழிலை விட்டுவிட்டுக் கரையிலேயே மனநலப் பிரிவில் காட்டு. தேவையென்றால் சேர்த்துக்கொண்டு, மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்து அந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள். அப்புறம் கூட்டம். கரையில் இருக்கிற நாளெல்லாம் போ. குழுவுக்கு வர்றதுக்கு முன்னால் டாக்டர் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

கூட்டம் சர்ச் ஹாலில் என்கிறார்கள். மதம் மாற்றுகிற வேலையா?

இல்லை. ஹாலுக்கு வாடகையைக் குழுதான் கொடுக்கும். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் போடலாம். வெளியாள் நன்கொடை கொடுத்தாலும் வாங்குவதில்லை. பள்ளிக்கூடத்திலும் கூட்டம் நடக்கும்.

(கருங்கல்காரர் ஒருவர்: "குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்கிற 12 படிகளில் கடவுள் வருகிறாரே. எனக்கு நம்பிக்கை இல்லை.")

வருகிறார், 'நாம் அறிந்துகொண்ட வகையில்' என்று சேர்த்தே வருகிறார். குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு குடிக்காமல் இருக்கிற நாத்திகர்கள் உண்டு.

(குலசேகரத்துக்காரர்: "மூன்று நாள் தியானத்துக்குப் போனால் போதும், என் மச்சான் அங்கேதான் விட்டான். இதெல்லாம் எதுக்கு?" உடனே கருங்கல்காரர்: "உங்க மச்சான் ஓணத்துக்கு எப்படி இருந்தாராம்?")

சரி, இங்கே மச்சானை இழுக்க வேண்டாம். தியானத்தில் விட்டவர்களை எனக்குத் தெரியும். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டும் தொடாதவர்களும் தெரியும், அவர்களில் மாலை கழற்றின அன்றைக்கே கடை வாசலில் நின்றவர்களும் தெரியும். விரதத்தைக் குறை சொல்லவில்லை, விரதம் முடிந்த சாயங்காலம் யாரோடு இருப்பாய் என்றுதான் கேட்கிறேன். குழு இருக்கிறதே அதற்குத்தான். தியானத்துக்குப் போ, மாலையும் போடு, கூட்டத்துக்கும் வா, ஒன்றுக்கொன்று தடை இல்லை. 1935-ல் அமெரிக்காவில் இதைத் தொடங்கின இரண்டு பேரில் ஒருவர் டாக்டர், அவரும் குடிநோயாளிதான். மருந்தும் படிப்பும் தெரிந்தவருக்கே பக்கத்தில் உட்கார்ந்து பேச இன்னொரு குடிகாரன் தேவைப்பட்டான்.

(இதற்குக் கீழே இருவரும் நீளமாகத் தொடர்ந்தார்கள். நான் போகவில்லை.)

வீட்டுக்காரர் வரமாட்டார். நான் மட்டும் போகலாமா?

அக்கா, குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு, அதைத் தேடுங்க. ஏ.ஏ.-யில் திறந்த கூட்டம் என்றால் நீங்களும் உட்காரலாம், மூடிய கூட்டத்துக்கு முடியாது. பாட்டிலை ஒளிப்பது, அவருக்காக லீவு சொல்வது, கடனை அடைப்பது, இதையெல்லாம் நிறுத்துவது பற்றி அல்-அனானில் பேசுவார்கள். அடி உதை இருந்தால் முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்க.

அந்தப் பொடி, டீயில் கலந்தால்?

மேலே படிங்க. டீயும் சாப்பாடுதான். நாட்டு மருந்து என்று சொல்லி விற்றாலும் அதேதான்.

முதல் நாள் என்ன பேசணும்? ஊர்க்காரர் பார்த்தால்?

ஒன்றும் பேச வேண்டாம், பின்வரிசையில் உட்காரலாம். ஒவ்வொருவராக "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித் தன் கதையைச் சொல்வார்கள், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்திமதியும் கிடையாது. ஊர்க்காரர் பயம் இருந்தால் மார்த்தாண்டத்துக்காரர் நாகர்கோவிலுக்குப் போங்க, நாகர்கோவில்காரர் மார்த்தாண்டத்துக்கு. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்று பாருங்க. கிளம்பும்போது ஒருத்தர் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்க, சாயங்காலம் ஆறரைக்குக் கால் தானாகக் கடைப்பக்கம் நடக்கும்போது கூப்பிட.