ஹெர்2 2+ என்று வந்திருக்கிறது: பணத்தை எந்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது?

கேள்வி: அக்காவுக்கு வயது 49. மார்பகக் கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி) பாசிட்டிவ், ஹெர்2 (புற்றுச் செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) 2+ என்று இருக்கிறது. ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்தவர், “இஇஎஃப்1ஏ2 என்று புது மார்க்கர் வந்திருக்கிறது, புற்று பரவுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடும், 18,000 ரூபாய்” என்கிறார். பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணம் வேறொரு பரிசோதனைக்குத் தேவைப்படும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செல்லுக்குள் புரதம் கட்டும் கொத்தனார் ரைபோசோம் என்றால், கல் எடுத்துக் கொடுக்கும் சித்தாள்தான் இஇஎஃப்1ஏ. இதில் முதல் வகை உடலின் பெரும்பாலான இடங்களில் உண்டு. இரண்டாம் வகையான இஇஎஃப்1ஏ2 மூளை, இதயம், தசை ஆகியவற்றில்தான் இயல்பாக இருக்கும். அது மார்பகக் கட்டியிலோ சூல்பைக் கட்டியிலோ தலைகாட்டுவதால் ஆராய்ச்சியாளர்களுக்கு அதன் மேல் ஒரு கண். 2002-இல் வெளியான ஆய்வில், சூல்பைப் புற்றுகளில் ஏறக்குறைய கால்வாசியில் இதன் மரபணு பெருகியிருந்தது. இதுவரை சரி. ஆனால் மார்பகப் புற்றில் இது அதிகமாக இருந்த பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. நுரையீரல், இரைப்பைப் புற்றுகளில் சில ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. அப்படியிருக்க, “அதிகம்” என்று ரிப்போர்ட் வந்தால் அக்கா பயப்படுவதா, நிம்மதியடைவதா?

இன்னொன்று. இந்த ஆய்வுகள் கட்டியின் திசுவில் நடந்தவை. ரத்தத்தில் எவ்வளவு இருந்தால் இயல்பு என்று ஒத்துக்கொள்ளப்பட்ட அளவே கிடையாது. இரண்டு வகைகளும் 92 சதவீதம் ஒன்றேபோல இருப்பதால், மட்டமான கிட் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். இதன் முடிவை வைத்து எந்தப் புற்றுநோய் மருத்துவரும் மருந்தை மாற்றப் போவதில்லை.

வீடு தேடி வரும் ஏஜெண்டுக்குக் கமிஷன் உண்டு. “எங்கள் லேப் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்றது” என்பார். அந்த அங்கீகாரம் பட்டியலிலுள்ள பரிசோதனைகளுக்கு மட்டும்தான். பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்தில் பார்க்கலாம். அதில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். மாதிரி ரிப்போர்ட்டின் அடியில் “ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்” என்று பொடி எழுத்தில் இருந்தால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு: மருத்துவமனையே நடத்தும் ஆய்வில் அக்காவைச் சேர்க்கிறார்கள் என்றால் தாராளமாகத் திசு கொடுக்கலாம். ஆனால் உண்மையான ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும். மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணும் இருக்கும். தமிழில் ஒப்புதல் படிவம் தந்து, ஒரு நகலை உங்களிடம் விடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். முக்கியமாக, ஆய்வுக்கான பரிசோதனைக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. “ஆய்வுதான், ஆனால் பாதிப் பணம் நீங்கள் கட்டுங்கள்” என்றால் அது வியாபாரம். முடிவை உங்களிடம் சொல்லாமலும் போகலாம்; அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

இப்போது அந்த 2+. ஹெர்2-வில் 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் திசுவில் ஏற்றிய சாயத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பொருள். அதில் ஹெர்2 மரபணுவுக்கும் 17-ஆம் குரோமோசோமின் மையப் பகுதிக்கும் உள்ள விகிதம் 2-க்குக் குறையாமல், ஒரு செல்லுக்குச் சராசரியாக 4 பிரதியாவது இருந்தால் பாசிட்டிவ். அப்படி வந்தால் பொதுவாக ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி, 3 வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம். அக்காவின் சிகிச்சையையே மாற்றும் பரிசோதனை இது. இதைச் செய்யச் சொல்லி ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, நோயாளியிடம் வாய்திறந்து சொல்ல ஆளில்லாமல் கோப்பை மூடிவிடுகிறார்கள். எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது!

அறுவை செய்த இடத்தில் பாரஃபின் பிளாக்கையும் (கட்டித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். திசுவைக் கெடாமல் வைக்கும் திரவமான 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் அது எத்தனை மணி நேரம் இருந்தது என்றும் குறித்துத் தரச் சொல்லுங்கள். 6-லிருந்து 72 மணி நேரம் வரை சரி. அதற்கு வெளியே போனால், அல்லது பெரிய கட்டியை நறுக்காமல் முழுசாகப் பாட்டிலில் போட்டிருந்தால், ஃபிஷ் முடிவையே நம்ப முடியாமல் போகலாம்; அப்போது முதல் ஊசிப் பயாப்ஸியின் பிளாக் இருந்தால் அதில் செய்யச் சொல்லுங்கள். பிளாக்கை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். ஃபிஷ் முடிந்ததும் மிச்சமுள்ள பிளாக்கைத் திருப்பி வாங்கி வையுங்கள்; பின்னாளில் வேறு பரிசோதனை தேவைப்பட்டால் அதுதான் கைகொடுக்கும்.