பிடித்த கையை விடாதவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் சேர்ந்த என் மகள் ஆறு மாதமாக அய்கிடோ வகுப்புக்குப் போகிறாள். சென்ற வாரம் என் மைத்துனர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “விடுவித்துக்கொள், பார்க்கலாம்” என்றார். முடியவில்லை, அழுதுவிட்டாள். ஜப்பானியத் தற்காப்புக் கலைகள் இன்றைய தெருவுக்கு உதவாதவையா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் மைத்துனர் செய்தது முரட்டுத்தனம்தான். ஆனால் வகுப்பில் ஆறு மாதமாக எவரும் செய்யாததை அவர் செய்திருக்கிறார்: பிடித்த கையை விடவில்லை.

பெரும்பாலான அய்கிடோ வகுப்புகளில் தாக்குபவர் சொல்லிவைத்தபடி வருவார், சொல்லிவைத்தபடி விழுவார். நிறுவனர் மோரிஹெய் உயெஷிபாவுக்குப் போட்டிகளில் உடன்பாடில்லை. ஜூடோவின் கதை வேறு. ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் கோடோகான் என்னும் ஜூடோப் பள்ளியைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு என்னும் பழைய கைச்சண்டைக் கலையின் ஆபத்தான அடிகளைக் ‘கதா’ என்னும் வரிசைப் பயிற்சிக்குள் ஒதுக்கிவிட்டார். மிஞ்சிய பிடிகளையும் எறிதல்களையும், எதிர்த்து நிற்கும் ஆளிடமே பழக வைத்தார். அதற்கு ரந்தோரி என்று பெயர். கொடிய வித்தைகளை விலக்கிய கலைதான் சண்டைக்கு அதிகம் உதவியது. கண்ணைக் குத்துவதை எவர்மீதும் முழுதாகப் பழக முடியாது. ஆளைப் புரட்டிப் போடுவதைத் தினமும் பழகலாம். 1951இல் ரியோவில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் எலியோ கிரேசியை ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா மடக்கிய கைப்பூட்டு, இன்றும் ‘கிமுரா’ என்றே வழங்குகிறது.

கத்தியோ இரண்டு பேரோ எதிரே வந்தால் எந்தக் கலையும் வேண்டாம், ஓடச் சொல்லுங்கள்.

இளமையில் நான் இரண்டு ஆண்டு ஜூடோ பழகினேன். முதல் மாதம் முழுக்க விழுவது மட்டும்தான்: தாடை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், கை பாயை அறைய வேண்டும். எரிச்சலாக இருக்கும். இருபது ஆண்டு கழித்து மழையில் பஸ் படியிலிருந்து வழுக்கி மல்லாந்தேன். தாடை தானாக உள்ளே போய்விட்டது. முழங்கை சிராய்த்தது, தலை தப்பியது. கற்றதில் தெருவில் எனக்குப் பயன்பட்டது இதுவரை அது ஒன்றுதான்.

மகளை நிறுத்த வேண்டாம். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் எதிராளி விடாமல் பிடிக்கலாமா என்று ஆசிரியரைக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் ஜூடோ வகுப்பு தேடுங்கள்.

மைத்துனரையும் மறுபடி அழையுங்கள். மகள் கையை இழுக்க வேண்டாம். அவருடைய கட்டைவிரல் நுனி மற்ற விரல்களைத் தொடும் இடைவெளிப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை அவரை நோக்கி மடக்கட்டும். முதல் ஐம்பது முறை வராது. அவருக்கு அவ்வளவு பொறுமை உண்டா?