பூஞ்சைப் பொடி வேலை செய்யவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன விளை. அதில் நிற்கும் கொய்யாப் பழத்தை மார்த்தாண்டம் சந்தையில் விற்றுத்தான் வீட்டுச் செலவு. இலையிலும் காம்பிலும் செதில் பூச்சி ஒட்டியதால் உரக்கடையில் ‘வெர்டிசிலியம்’ பொடி வாங்கினோம். மூன்று நாளில் செத்துவிடும் என்றார் கடைக்காரர். ரப்பருக்கு மருந்தடிக்கிற பம்பில் கலக்கி அடித்தோம். ஒரு வாரமாகியும் பூச்சி அப்படியே இருக்கிறது. பில்லும் தரவில்லை. பணத்தைக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம் அம்மா. ஆனால் கடைக்குப் போகுமுன் விளைக்குப் போய் ஒரு செதிலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செத்த செதில் பூச்சி கீழே விழாது, இலையிலேயே ஒட்டிக் கிடக்கும். காய்ந்து உதிர்ந்தாலோ ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தாலோ மருந்து பிடித்துவிட்டது. ஈரமாக நசுங்கினால் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பொடியில் இருப்பது உயிருள்ள பூஞ்சையின் வித்துகள். 1898-இல் ஜாவாவில் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியில் கண்டு சிம்மர்மன் என்பவர் விவரித்த இனம் இது. வித்து பூச்சியின் மேல் முளைத்து, தோலைத் துளைத்து, உள்ளே வளர்ந்த பிறகுதான் பூச்சி சாகும். அதற்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். மூன்று நாள் என்று கடைக்காரர் சொன்னது தவறான வாக்கு. 2001-இல் இந்தப் பூஞ்சை லெக்கானிசிலியம் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பாக்கெட்டில் பழைய பெயர் இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது உங்கள் பம்புதான். ரப்பருக்கு அடித்தது துருசு கலந்த போர்டோவோ வேறு தாமிர மருந்தோ என்றால், அது பூஞ்சையைக் கொல்லவே செய்த மருந்து. தொட்டியில் மிச்சம் இருந்திருந்தால் வித்து அங்கேயே செத்திருக்கும். அப்படியானால் கடைக்காரர் மேல் புகார் நிற்பது கடினம், இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை தனிப் பம்பில், வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். மரத்தில் முசுறு எறும்பு ஏறினால் அதையும் தடுக்க வேண்டும். தேன்போன்ற கழிவுக்காக அது செதில் பூச்சியைக் காவல் காக்கும்.

இனி பாக்கெட்டை எடுங்கள். பதிவு எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை கோடி வித்து என்பதெல்லாம் இருக்க வேண்டும். 1.15 சதவீதப் பொடியில் கிராமுக்கு 10 கோடி என்பது வழக்கமான அளவு. தேதி கடந்த சரக்கை விற்கக் கூடாது. தகரக் கூரைக்கடியில் வெந்து கிடந்தால் தேதி இருந்தும் பயனில்லை. வாங்கும்போதே எங்கே வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். பூச்சிமருந்துக்குப் பில் கொடுப்பது கடைக்காரரின் கடமை. போய்க் கேளுங்கள், மறுத்தால் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

பிழைப்புக்காகத் தானே பாடுபட்டு விவசாயம் செய்பவர் சட்டப்படி நுகர்வோர்தான். உச்ச நீதிமன்றம் 2012-இல் ஒரு விதை வழக்கில் விவசாயிகளுக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்த்தது. 1915 என்ற நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. வெறும் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: எலுமிச்சை இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டி. இதற்கு எந்த மருந்து வாங்குவது? (தக்கலை வாசகர்)

பதில்: கட்டிகள் செதில் பூச்சியோ வெள்ளை ஈயோ இருந்த இடத்தில் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் அது அஷர்சோனியா என்ற பூஞ்சையாக இருக்கலாம்; இலையை அது தின்னாது, பூச்சியைத் தின்னும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இதன் வித்தைத் தண்ணீரில் கரைத்து மரத்துக்கு மரம் பரப்பினார்கள். காசு செலவழிக்காதீர்கள். அந்த மரத்துக்குத் தாமிர மருந்தும் அடிக்காமல் இந்த மழைக்காலம் முழுவதும் விட்டுப் பாருங்கள்.